கலெக்டரம்மாவுக்குப் பதிலாக

ஜனவரி 11

அன்புள்ள சிட்டு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போய் எங்கள் வீட்டு அழைப்பு மணியை நானே அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடிக்கிறது. பல வாரங்களாக யாரும் அடிக்கவில்லையே, கெட்டுப்போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் வீட்டு மணியை அடித்துவிட்டு நானே வெளியில் நிற்பதை எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன். அவரும் சிரித்தார். இந்த வாரம் பள்ளிக்கு வெளியே நான் நடத்திய பேச்சுவார்த்தை அது ஒன்றுதான்.

உன் காது எப்படி இருக்கிறது? கருவியை வாங்கிப் போட்டுக்கொள் என்றால், 'தையல் மெஷின் சத்தம் கேக்காம இருக்கறதே நிம்மதி' என்கிறாய். போனில் இரண்டு பேரும் கத்திக் கத்தி ஒன்றும் புரியாமல் வைத்ததற்கு இந்தக் கடிதம் எவ்வளவோ மேல். நான் நலம். உன் அண்ணனும் நலம். வேலை அதிகம், அடிக்கடி வெளியூர்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளியில் தனியாக ஒரு வகுப்பு இருக்கிறது. முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த அறை. ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. படகில் வந்தது, லாரியில் ஒளிந்து வந்தது, முகாம் முகாமாக மாறி வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வழி. இந்த ஊர் மொழி பிடிபடும் வரை அங்கே வைத்திருந்து, பிறகு மற்ற வகுப்புகளுக்கு அனுப்புவோம். தமிழ் பேசும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொடுப்பதும், பெற்றோர் வந்தால் இரு பக்கமும் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. 'மொழித் துணை' என்று எனக்கு ஒரு பதவிப் பெயரும் உண்டு.

அந்த வகுப்பில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இங்கேயே பிறந்தவள் என்பாய், அப்படிப் பேசுகிறாள். அதுதான் வினையாகப் போயிற்று. அவளும் அம்மாவும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அப்பா வழியில் பிரிந்து வேறொரு நாட்டு முகாமில் மாட்டிக்கொண்டார். அவரை இங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை வராது. ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, மகள்தான் வாய். அம்மாவுக்கு மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற அத்தனை பேருக்கும். 'கலெக்டரம்மா' என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள். கலெக்டரம்மா சுற்றுப்பயணம் போகும் நாளெல்லாம் பள்ளிக்கு மட்டம்.

நேற்று நிறுத்திக் கேட்டேன். "பாதி நாள் உன்னைக் காணோமே, படிப்பு என்ன ஆகும்?"

"இந்த வாரம் கீழ்வீட்டு மாமாவுக்குக் கண்ணு. அடுத்த வாரம் அம்மாவுக்குப் பல்லு. அதுக்கப்புறம் கொஞ்சம் ஃப்ரீ டீச்சர்" என்றாள், பெரிய டாக்டர் நேரம் ஒதுக்குகிற தோரணையில்.

பேச்சு வந்த அளவுக்கு எழுத்தும் பாடமும் வரவில்லை; இப்படியே போனால் அடுத்த வருஷமும் அவள் இந்த ரப்பர் வாசனையில்தான். அவளுக்குப் பதிலாக நான் போனால் என்ன என்று ஒரு யோசனை.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 29

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதறது. இங்க எல்லாரும் சவுக்கியம். எல்லாரும்னா நானு, ரெண்டு மெஷினு, அப்புறம் பட்டன் தைக்க வர்ற நம்ம பட்டன்காரி. பள்ளிச் சீருடை ஆர்டர் இப்பவே வர ஆரம்பிச்சிருச்சு. பிள்ளைங்க வளர்ற வேகத்துக்கு, அளவெடுத்துத் தைச்சுக் குடுக்கறதுக்குள்ள முட்டி வெளிய வந்துடுது. அதனால எல்லாத்துக்கும் ரெண்டு விரல் மடிப்பு உள்ள விட்டுத் தைக்கறேன். பட்டன்காரி என்னை நாள் முழுக்கத் திட்டறாளாம். எனக்குத்தான் கேக்கலையே, திட்டிட்டுப் போகட்டும்.

நீங்க மணி அடிச்சுப் பார்த்த கதையைப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. அண்ணன் வர்றப்ப மணி அடிக்க மாட்டானா? எப்பவும் சாவியை மறந்துட்டு வந்து மணியைப் பிடிச்சுத் தொங்கற ஆளாச்சே.

அவனுக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு நல்ல துணியா எடுத்து வெச்சிருக்கேன். கழுத்தும் தோளும் அளவெடுத்து அனுப்புங்க. வயசானா கழுத்து பெருக்கும். அவன் கையால ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

கலெக்டரம்மாவுக்கு என் சலாம். அந்தப் பிள்ளை பாவம் அண்ணி, நீங்களே போங்க. உங்களுக்கும் நாலு மனுஷங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

குளிர்ல காலுறை இல்லாம நடக்காதீங்க.

சிட்டு

பிப்ரவரி 20

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் வந்த அன்று நல்ல மழை. இருமல் இருந்தது, இப்போது இல்லை. உன் அண்ணனின் அளவு பழையதுதான், மாறவில்லை. அதையே வைத்துத் தைத்துவிடு.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு கட்டில், ஒரு மேஜை, எதிர்ச் சுவரைப் பார்த்த ஜன்னல். குறுக்கே கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள்; குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் ஆண்கள் ஷூ, புதிது. "அவருக்குத்தான். குளிருக்கு அவர்கிட்ட ஒண்ணும் இருக்காதே" என்றார் அம்மா. என்னைவிடச் சின்னவர். சிரித்தால் இன்னும் சின்னவராகத் தெரிகிறார்.

"இனிமே எங்க போகணும்னாலும் என்னைக் கூப்பிடுங்கம்மா. பாப்பா பள்ளிக்கூடத்துல இருக்கட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள்தான் இடையில் புகுந்தாள்.

"டீச்சருக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா."

"எனக்கு ஒரு வேலையும் இல்லைடா."

"ஆபீஸ்ல அந்தம்மா வேற யார் போனாலும் பேச மாட்டாங்க."

"பேசுவாங்க. அதுக்குத்தானே உக்காந்திருக்காங்க."

"அப்ப பல்லுக்கு மட்டும் வாங்க. ஆபீஸுக்கு நான் போய்க்கறேன்."

"கலெக்டரம்மா ஆபீஸை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாங்களாம்" என்று நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய்வந்தேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது: எதையும் கூட்டாதே, குறைக்காதே, உன் சொந்த வார்த்தை ஒன்றும் கலக்காதே, நீ அந்த அறையில் இல்லாத மாதிரி இரு. எனக்கு அது நன்றாக வருகிறது. அன்று கலெக்டரம்மா வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஆனால் பாடத்தைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். பழக்கமில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

அடுத்த மாதம் குடியேற்ற ஆபீஸ். மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சவுக்கியமா? எனக்கு இடுப்புதான் கொஞ்சம் தகராறு பண்ணுது. குனிஞ்சு குனிஞ்சு தைச்சா வேற என்ன பண்ணும்.

நல்ல காரியம் பண்றீங்க. அந்தப் பிள்ளைக்கு முதல்ல கோவம் வரத்தான் செய்யும். நான் சின்னதா இருக்கறப்ப கடைக்குப் போற வேலை என்னோடது. ஒருநாள் அண்ணனை அனுப்பிட்டாங்கன்னு வாசல்ல உருண்டு புரண்டு அழுதேன். அவன் போய்ப் பாதிச் சாமானை மறந்துட்டு வந்தான். அதுல எனக்கு இருந்த சந்தோஷம்! அந்த மாதிரிதான் இதுவும். ரெண்டு வாரத்துல சரியாயிடும்.

சட்டைத் துணியை நாளைக்கு வெட்டலாம்னு இருக்கேன். பழைய அளவேதானா? ஒரு இஞ்ச்கூட மாறலையா? எனக்கு எழுதறப்ப அவன் பக்கத்துல இருக்கானா? இருந்தா ஒரு கையெழுத்தாவது போடச் சொல்லுங்க, பார்த்து ரொம்ப நாளாச்சு.

ஆபீஸ்ல நல்ல சேதி வரட்டும். வந்ததும் எழுதுங்க.

சிட்டு

மார்ச் 24

அன்புள்ள சிட்டு,

ஆபீஸுக்குப் போய்வந்தோம்.

தரையோடு திருகி வைத்த நாற்காலிகள், சீட்டு எண், கண்ணாடித் தடுப்பு. அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன ஒரு பெண்மணி, வயது என் வயதிருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார். "உங்கள் கணவரின் மனு நிராகரிக்கப்பட்டதைப் போன வருஷமே நான் தெரிவித்துவிட்டேன். மேல்முறையீட்டுக்கான காலமும் முடிந்துவிட்டது. இப்போது எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

வாக்கியம் பாதி வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸை அவள் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பல் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நம்பிக்கையோடு. 'கொஞ்சம் பொறுங்கள், இவருக்கு இது தெரியாது' என்று அதிகாரியிடம் ஒரு வார்த்தை என் சொந்தமாகச் சொல்லியிருக்கலாம். வெளியே அழைத்துப்போய், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்லியிருக்கலாம். விதிப்படி செய்தேன். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

"இல்லையே, பாப்பா கேட்டுட்டு வந்தாளே" என்றார். "ஆபீஸர் லீவுன்னா. அப்புறம் வேற மேஜைக்கு மாத்தியிருக்காங்கன்னா. திரும்பத் திரும்பக் கேக்காதீங்கம்மா, நல்லபடியா முடியும்னு சொன்னாங்கன்னாளே."

அதையும் நான் மறுபக்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நான் அந்தக் குழந்தையிடம்தானே சொன்னேன். நன்றாகப் பேசுகிறாளே என்று அவளையே வைத்துக்கொண்டு பேசினேன்" என்றார். பிறகு திரையைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

பேருந்தில் அந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "போன வாரம்கூட, அவர் வந்தா எந்தக் கட்டில்ல படுப்பாருன்னு பேசிட்டிருந்தோம். அவளும்தான் பேசினா."

இதற்கு மேல் எழுத வரவில்லை. உன் அண்ணன் நலம்.

அண்ணி

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் வந்து எவ்வளவு நாளாச்சு, அடுத்தது வரலை. உடம்புக்கு முடியலையா? அந்தப் பிள்ளை என்ன ஆனா? அம்மா அடிச்சாளா? சீருடைக் காலர் தைக்கறப்பல்லாம் அவ ஞாபகம்தான். முகம்கூடத் தெரியாது எனக்கு.

கடைசியில 'உன் அண்ணன் நலம்'னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. அதை மட்டும் வேற பேனாவுல எழுதின மாதிரி இருந்துச்சு. பேனா ஒண்ணுதான், தெரியும். எனக்கு அப்படித் தோணுச்சு.

எப்படி இருந்தாலும் ரெண்டு வரி போடுங்க.

சிட்டு

ஏப்ரல் 30

அன்புள்ள சிட்டு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடுப்புக்குத் தைலம் ஏதாவது தடவுகிறாயா?

அன்றையிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். கட்டடத்து மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இப்போது யாரும் அவளை எங்கும் அழைப்பதில்லை. கீழ்வீட்டு மாமாவுக்கு, தன் கண்ணைப் பற்றி டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்றே சந்தேகம் வந்துவிட்டதாம்.

"மாமாவுக்குச் சொன்னதெல்லாம் நிஜம் டீச்சர். ஒரு சொட்டு மருந்துகூட மாத்திச் சொல்லலை. அம்மாவுக்கு மட்டும்தான். அதுவும் ஆபீஸ்ல மட்டும்தான்."

நான் அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"போன வருஷம் ஆபீஸுக்குப் போன அன்னிக்கு அம்மா நல்ல புடவை கட்டிட்டு வந்திருந்தாங்க. அந்தம்மா சொல்லி முடிச்சதும், அம்மா சிரிச்சுக்கிட்டே என் வாயைப் பாத்தாங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவைன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஆபீஸுக்கு நான் மட்டும் போயிட்டு வந்தேன். ஒவ்வொரு மாசமும் அம்மா கேட்டாங்க. ஒவ்வொரு மாசமும் ஏதாவது சொல்ல வேண்டியதாப் போச்சு."

"மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்குன்னு தெரியுமா?"

"அந்த வார்த்தையே தெரியாது. தெரியாத வார்த்தை வந்தா விட்டுடுவேன்."

அம்மா அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "'சாப்பிடு'ன்னு மட்டும் சொல்றாங்க" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. நான் அவளுடைய சுமையை இறக்கி வைப்பதாக நினைத்துப் போனேன் சிட்டு. அந்த வீட்டில் அவள் யாராக இருந்தாளோ, அதையும் சேர்த்து இறக்கிவிட்டேன்.

இலவச சட்ட உதவி மையத்து வக்கீலைப் பார்த்தேன். வழி இருக்கிறது என்கிறார். மனு நிராகரிக்கப்பட்ட சேதி ஒரு குழந்தை வழியாக மட்டுமே சொல்லப்பட்டது, அதற்காகவே அவள் வகுப்பிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டாள் என்று பள்ளி எழுதிக்கொடுத்தால், காலம் கடந்த மேல்முறையீட்டையும் ஏற்பார்களாம். அது கிடைத்தால் அப்பா வர ஒரு வாய்ப்பு. இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

தலைமையாசிரியையிடம் போனேன். அவரும் நல்லவர்தான். இந்த வகுப்பையே போராடி வாங்கியவர். "அவள் வராத நாளையெல்லாம் 'குடும்பக் காரணம்' என்று குறித்து நாமும்தானே சும்மா இருந்தோம்? அதை நாமே எழுதிக்கொடுத்தால் அடுத்த வருஷம் இந்த அறையில் மறுபடி பந்துகள்தான் இருக்கும். மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்றார். எழுந்து வரும்போது, "உங்கள் பணி நீட்டிப்பும் ஜூனில்தான் வருகிறது, இல்லையா?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரு சேதி போலச் சொன்னார்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் இன்று ஞாயிறு போலிருக்கிறது. ஞாயிறு இல்லை.

அன்புடன்,
அண்ணி

மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு மெஷினை நிறுத்திட்டேன். பட்டன்காரி கரண்ட் போயிருச்சோன்னு விளக்கைப் போட்டுப் பார்த்தா.

இதை எழுதலாமா வேண்டாமான்னு போன வருஷத்துலேர்ந்து யோசிக்கறேன். அண்ணன் எனக்கு எப்பவோ எழுதிட்டான். வீட்டை விட்டுப் போனது, வேற ஊர்ல வேற ஒருத்தரோட இருக்கறது, எல்லாம். 'நீயா அவகிட்ட எதுவும் கேக்காதே, அவளுக்குச் சங்கடமா இருக்கும்'னு வேற எழுதியிருந்தான். என்ன அக்கறை பாருங்க! பளார்னு ஒண்ணு விடணும் போல இருந்துச்சு. கடிதத்துல எப்படி அறையறது? பதிலே போடலை.

அப்புறம் எதுக்குச் சட்டை அளவு கேட்டேன்னு நினைப்பீங்க. அளவு கேட்டா, 'அளவெடுக்க ஆள் இல்லை சிட்டு'ன்னு நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க பழைய அளவையே அனுப்பிட்டீங்க. துணியே வாங்கலை அண்ணி. அது சும்மா சொன்னது. அந்தப் பிள்ளைக்காவது சின்ன வயசுன்னு ஒரு சாக்கு இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கும் அதுகூட இல்லை.

நான் சொல்றதைக் கேளுங்க. ஜூனோட வேலை முடியுதுன்னா முடியட்டும். மூட்டையைக் கட்டிட்டு இங்க நம்ம ஊருக்கே வந்துடுங்க. மாடி அறை சும்மாத்தான் கிடக்கு. அவன் என் அண்ணன்தான், இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்காக நீங்க எனக்கு அண்ணி இல்லைன்னு ஆயிடுமா?

சாப்பிட்டீங்களா? நிஜமாச் சொல்லுங்க.

சிட்டு

மே 31

அன்புள்ள சிட்டு,

சாப்பிட்டேன். நிஜமாகவே.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போய்ப் பார்த்தேன். 'அன்புள்ள அண்ணிக்கு' என்றுதான் இருந்தது. இந்த ஊரில் என்னை டீச்சர் என்பார்கள், மேடம் என்பார்கள். அண்ணி என்று கூப்பிட நீ ஒருத்திதான். அவர் போய்விட்டார் என்று எழுதிவிட்டால் அந்த வார்த்தையும் கூடவே போய்விடுமோ என்று இருந்தேன். இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி இனி நாம் எழுத வேண்டாம்.

பிள்ளையைப் பற்றிக் கேள். நான் விதியை மீறினேன். அந்த அம்மாவிடம் தனியாகப் போய், மாடிப்படியில் அவள் சொன்னதைச் சொன்னேன், என் சொந்த வார்த்தைகளையும் தாராளமாகக் கலந்து. நல்ல புடவை, சிரிப்பு, எல்லாம். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அவ பொய் சொன்னான்னு எனக்குக் கோவம் இல்லைம்மா. பெத்த புள்ள உண்மையைச் சொல்லப் பயப்படற அளவுக்கு என் மூஞ்சியில என்ன இருந்துச்சு? அதைத்தான் யோசிச்சிட்டே இருக்கேன். யோசிக்கறப்ப பேச்சு வரலை. அவ அதைக் கோவம்னு நினைச்சிட்டா."

மறுநாள் காலை மகளைத் தானே பள்ளிக்கு அழைத்து வந்தார். வாசற்காவலரிடம் இந்த ஊர் மொழியில் 'மாலை வணக்கம்' என்றார். அவர் அசந்துபோனார், அதைவிட மகள் அசந்துபோனாள். "அம்மா, அது மத்தியானத்துக்கு அப்புறம் சொல்றது" என்று கிசுகிசுத்தாள். "சரி, மத்தியானம் வர்றப்ப இன்னொரு தடவை சொல்லிடறேன்" என்றார் அம்மா. பெரியவர்களுக்கான மாலை வகுப்பிலும் பெயர் கொடுத்திருக்கிறார்.

அவளிடம் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். "அதுல நான் பொய் சொன்னேன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"உன்னைப் போய்க் கேட்டது தப்புன்னு எழுதணும்."

"யார் எழுதுவாங்க?"

பள்ளி எழுதாவிட்டால் நான் தனியாக என் பெயரில் எழுதினாலும் செல்லும் என்கிறார் வக்கீல். ஆனால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்கிறார். வேலையை நினைத்து நான் தயங்கவில்லை. அந்த அறைதான். இன்னும் எத்தனை பிள்ளைகள் அதில் உட்கார வேண்டியிருக்கும்.

உன் மாடி அறையைப் பற்றி நினைக்காத நாளில்லை.

அன்புடன்,
உன் அண்ணி

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பாடா! இப்பத்தான் உங்க கடிதம் உங்க கடிதம் மாதிரி இருக்கு.

மாடி அறைக்கு வெள்ளையடிச்சாச்சு. ஜன்னலுக்குத் திரை தைச்சேன், பூப்போட்டது, உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை, வந்து திட்டுங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஆள் தேடறாங்க, சொல்லி வெச்சிருக்கேன். காதுக் கருவியும் வாங்கிட்டேன். நீங்க வந்தா நீங்க பேசறது கேக்கணுமே. முதல் நாள் போட்டுக்கிட்டதும் பட்டன்காரி திட்டறது கேட்டுச்சு. இத்தனை வருஷமா என்னென்ன திட்டியிருக்கான்னு இப்பத்தான் தெரியுது.

எப்ப வர்றீங்கன்னு மட்டும் எழுதுங்க. ஸ்டேஷனுக்கு நானே வர்றேன்.

சிட்டு

ஜூன் 25

அன்புள்ள சிட்டு,

கருவி வாங்கிய சேதி எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பட்டன்காரியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். இங்கே வெயில் வந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் கலெக்டரம்மா இடைவேளை முடிந்து வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். கயிறு தாண்டி விளையாடியதில் மணி அடித்தது காதில் விழவில்லையாம். முகமெல்லாம் வியர்வை, ஒரு காலுறை கீழே இறங்கியிருந்தது. வகுப்பாசிரியை நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சர், அவங்க என்னை மட்டும் தனியாத் திட்டலை, எங்க எல்லாரையும் சேர்த்துத்தான் திட்டினாங்க" என்றாள். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

தலைமையாசிரியை நேற்று கூப்பிட்டார். பணி நீட்டிப்பு தயார், ஒரு வருஷத்துக்கு இல்லை, நிரந்தரமாகவே. பள்ளி விஷயமாக நான் தனிப்பட்ட முறையில் வெளியே யாருக்கும் எதுவும் எழுதிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். "அவள்தான் திரும்பி வந்துவிட்டாளே, விளையாடுகிறாளே. எதற்கு மறுபடி கிளற வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விபோலத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாலையில் வகுப்பறையைப் பூட்டும் முன் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சின்னச் சின்ன நாற்காலிகள், சுவரில் பிள்ளைகள் வரைந்த வீடுகள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் குறைகிறார். அல்லது, இல்லாத ஒருவரை எல்லாரையும்விடப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். இந்த அறை போய்விடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இதில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்காகக்கூட வாயைத் திறக்க முடியாது என்றால் இந்த அறை எதற்கு? அறைக்காகப் பிறகு போராடலாம். போராட நாலு பேர் வருவார்கள். அந்த அப்பாவுக்காக வர ஆள் இல்லை.

ஆகையால் எழுதிவிட்டேன். என் பெயரில், நான் கண்ணால் பார்த்ததை மட்டும். அவள் வராத நாளெல்லாம் எங்கே இருந்தாள் என்பதும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் என்பதில் என்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டாயிற்று. நாளை காலை வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேரே தலைமையாசிரியை அறைக்குப் போவேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இதைப் படிக்கும்போது நீ மாடி அறையில் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று இருக்கிறது.

வேலை போனால் நேரே உன்னிடம் வந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்றுகூட மனதில் அடுக்கியாயிற்று. ஆனால் மேல்முறையீட்டு விசாரணை குளிர்காலத்தில்தான் வரும் என்கிறார் வக்கீல். தள்ளியும் போகலாம். அந்த அம்மா மாலை வகுப்பில் இப்போதுதான் கிழமைகளின் பெயரைப் படிக்கிறார். விசாரணையில் அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும். அது அவர் மகளாக இருக்கக் கூடாது.

நான் வரவில்லை சிட்டு. முடியாமல் இல்லை. இங்கே இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். தெருமுனைச் சலவைக் கடையில் துணி மடிக்க ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாளை சாயங்காலம் போய்க் கேட்பேன். இந்த வீடு முன்பு எவ்வளவு அமைதியோ அவ்வளவு அமைதியாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

இது இன்னும் யாருக்கும் தெரியாது. தலைமையாசிரியைக்கு நாளை தெரியும். அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சொல்ல இரண்டொரு நாள் ஆகும். உனக்கு, இந்தக் கடிதம் வந்து சேரும்போது. அதுவரை எனக்கு மட்டும்.

அன்புடன்,
உன் அண்ணி